அந்த ஒரு தாளையும் வாசியுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றும் மருத்துவ நிபுணர்களுக்கும் வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கல்லடியில் வசிக்கும் ஒரு கணித ஆசிரியை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனக்கு 2019 இல் உறுதிசெய்யப்பட்டது. தமிழில் அதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். கிளினிக் வாங்கில் அமர்ந்திருக்கும் எங்களுக்குள் அது எம்.எஸ். தான். இலவச மருத்துவம் இல்லாத ஒரு நாட்டில் பிறந்திருந்தால் என் சம்பளத்தில் இந்த நோயோடு இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன் என்பதையும், 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பிறகு உங்களில் பலர் நாட்டை விட்டுப் போக, எஞ்சியிருப்பவர்கள் இன்னும் அதிகமான நோயாளரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் அறிந்தே இதை எழுதுகிறேன். எந்த ஒரு வைத்தியரையும் பெயர் சொல்லிக் குறை கூறும் நோக்கம் எனக்கு இல்லை. நோயாளி சொல்வதையும் எழுதிக் கொண்டுவருவதையும் பரிசோதனையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். அதற்கான காரணங்களை என் அனுபவத்திலிருந்தே முன்வைக்கிறேன்.

2016 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் வலது கண்ணை அசைத்தபோது வலித்தது. இரண்டு நாட்களுக்குள், கரும்பலகையில் சிவப்புச் சோக்கட்டியால் நானே வரைந்த கோடு அந்தக் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. கண் கிளினிக்கில் காட்டினேன். சில கிழமைகளில் பார்வை ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. கொப்பியில் கடைசி வரி எழுதப்பட்டு, அலுவல் முடிந்தது. 2018 இல், தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்துவதற்குக் கழுத்தைக் குனியும்போதெல்லாம் முதுகுத்தண்டின் வழியே கால்வரை கறண்ட் அடித்தது. வேறொரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அதற்கு "முதுகு வலி" என்று துண்டில் எழுதி வலி மாத்திரை தந்தார்கள். 2019 இல் ஒரு நாள் அதிகாலையில் பாயிலிருந்து எழும்ப முயன்றேன். இடுப்புக்குக் கீழே உடம்பு என் சொல்லைக் கேட்கவில்லை. மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பகிடி பண்ணுவதுண்டு. அன்று நான் பாயோடு ஒட்டிக் கிடந்தேன், அம்மா அதைப் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே என் கையில் நூல் கட்டப்பட்டுவிட்டது. வாட்டில் அந்த நூலைப் பார்த்த ஓர் இளம் வைத்தியர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, பரிசாரியிடம் வாங்கிக் குடித்த கசாயத்தைப் பற்றி அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை. எந்த மருந்து எந்த மருந்தோடு முட்டும் என்று அறிய வேண்டியவர்கள் நீங்கள். நூலைப் பார்த்துச் சிரிக்காதிருந்தால் கசாயமும் உங்கள் குறிப்பில் ஏறியிருக்கும்.

கண், கழுத்து, கால் என்ற மூன்றும் மூன்று இடங்களில், மூன்று கொப்பிகளில், மூன்று வைத்தியர்களின் கையெழுத்தில் கிடந்தன. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருந்ததைச் சரியாகவே பார்த்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் இந்த நோயின் இலக்கணமே, அது காலத்தாலும் இடத்தாலும் சிதறிக் கிடப்பதுதான். இந்த நோயை உறுதிசெய்வதற்கென்று 2001 இல் வெளியாகி அதன்பின் பல முறை திருத்தப்பட்ட மெக்டொனல்ட் அளவுகோல்கள், எனக்கு நோய் உறுதியான காலத்தில் கேட்டதும் அதைத்தான்: மூளையிலும் தண்டுவடத்திலும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் தாக்கம் நிகழ்ந்ததற்கான சான்று. எம்.ஆர்.ஐ. ஸ்கானும் முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனையும் அந்தச் சான்றில் பெரும்பகுதியைத் தருகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஸ்கானுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவதற்கு முன், சிவப்புக் கோடு பழுப்பானதையும் கழுத்தில் கறண்ட் அடித்ததையும் கால் எழும்பாததையும் ஒரே மூச்சில் யாராவது சொல்லியாக வேண்டும். அந்த மூன்று இடங்களிலும் இருந்த ஒரே ஆள் நான். வாட்டில் என்னிடம் கேட்கப்பட்டது கால் எப்போது விறைத்தது என்பது மட்டுமே. கண்ணைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது, "அதை விடுங்கள், இப்போது உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார்கள். கொழும்புக்கு அனுப்பப்பட்டு, உதயதேவி ரயிலில் ஒரு பகல் முழுவதும் பயணித்து, அங்கே ஒரு நரம்பியல் நிபுணர் முன் அமர்ந்தபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "இதற்கு முன் எப்போதாவது கண் மங்கியதா?" என்பது. அந்தக் கேள்விக்காக நான் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காத்திருந்திருக்கிறேன்.

என் பங்குக்கு இருந்த பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வைத்தியரை எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு. "எப்படி இருக்கிறது?" என்று நீங்கள் கேட்டால், கால் இழுபட இழுபடக் கதவைத் தாண்டி வந்தவள்கூட "பரவாயில்லை டொக்டர்" என்றுதான் சொல்வாள். அது சுகம் விசாரித்தவருக்குச் சொல்லும் பதில். மருத்துவக் கேள்விக்கான விடையாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் இரண்டு ஆண்டுகள் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், என் கொப்பியிலும் "நிலை மாற்றமில்லை" என்று வரிசையாக எழுதப்பட்டது. ஒரு நாள் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது, கணிதம் படிப்பிக்கும் ஒருத்தி தன் உடம்பைப் பற்றிய தரவை இவ்வளவு அலட்சியமாகக் கொடுத்திருக்கிறாளே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு தாள் எழுதிக் கொண்டுபோகிறேன். ஒரு பக்கம் மட்டும். மேலே, கடந்த முறைக்குப் பிறகு புதிதாக வந்தது எது, எந்தத் திகதியில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, அப்போது காய்ச்சல் இருந்ததா என்பன. நடுவில் எடுக்கும் மருந்துகளும் எடுக்கத் தவறிய நாட்களும். கீழே, அன்று கேட்க வேண்டிய கேள்விகளில் மிக முக்கியமான இரண்டு. ஐந்து கேள்விகள் எழுதிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் இரண்டுக்கு மேல் நடக்காது.

இந்தத் தாளுக்குக் கிடைத்த வரவேற்பு ஒரே மாதிரியாக இருக்கவில்லை. ஒரு நிபுணர் அதைக் கையால் ஒதுக்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். நான் வெளியே வரும்வரை அது அங்கேயே கிடந்தது, எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டு வந்தேன். வேறொரு நாள், கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு வைத்திய அதிகாரி அதை அரை நிமிடத்தில் வாசித்து, இரண்டு வரிகளைக் கொப்பியில் பெயர்த்தெழுதி, "இதை நீங்கள் எழுதாவிட்டால் இதையெல்லாம் கேட்க எனக்குப் பத்து நிமிடம் போயிருக்கும்" என்றார். நேரமில்லை என்ற காரணத்தால் ஒருவர் ஒதுக்கிய தாள், நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று இன்னொருவருக்குப் பட்டது.

சிறுநீரைப் பற்றி எழுதக் கூச்சமாகவே இருக்கிறது, ஆனால் அந்தக் கூச்சம்தான் எங்களில் பலரைப் படுக்கையில் தள்ளுகிறது. இந்த நோயில் சிறுநீர்ப்பை ஒழுங்காக வெறுமையாகாமல் போவது சாதாரணம். தேங்கிய நீரில் கிருமித்தொற்று வந்தால், பழைய தாக்கத்தின் அறிகுறிகள் எல்லாம் புதிய தாக்கம் போலவே மீண்டும் தலைகாட்டும். 2021 இல் ஒரு முறை இரண்டு கால்களும் சோர்ந்து விழுந்த நிலையில் நான் வாட்டில் சேர்க்கப்பட்டேன். புதிய தாக்கம் என்று கருதி, மெதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தை நாளுக்கு 1 கிராம் வீதம் நாளம் வழியே ஏற்றுவதற்கு ஆயத்தம் செய்தார்கள். முந்திய இரவு குளிர் நடுக்கம் இருந்ததும், சிறுநீர் கழிக்கும்போது எரிந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் கட்டிலைச் சுற்றி மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் நிற்க, திரைச்சீலையும் இல்லாத இடத்தில், அதை எப்படிச் சொல்வது? சுற்று முடிந்து எல்லாரும் போன பிறகு, தாதியை அழைத்து, "மிஸ், மருந்து ஏற்ற முதல் ஒருக்கால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். அவர் முகஞ்சுளிக்காமல் போய்ச் சொன்னார். தொற்று இருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு ஐந்தாம் நாள் நான் எழுந்து நடந்தேன். புதிய தாக்கம் என்று கொள்வதற்கு அறிகுறி குறைந்தது 24 மணித்தியாலம் நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ இல்லாதிருக்க வேண்டும் என்பது உங்கள் பாடநூல் விதி. தொற்று இருக்கும் உடம்பில் ஸ்டெரொயிட் ஏற்றுவதன் ஆபத்தும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எரிவு இருந்தது என்ற தகவல் என்னிடம் மட்டுமே இருந்தது, அது என் வாயிலிருந்து வெளிவர ஒரு திரைச்சீலையும் ஒரு கேள்வியும் தேவைப்பட்டன.

அடுத்தது வெயில். வைகாசி தொடக்கம் ஆவணி வரை எங்கள் கரையில் கச்சான் வீசும்; மேற்கேயிருந்து வரும் அந்தக் காய்ந்த சுடுகாற்றில் சுகதேகிகளே சோர்ந்துவிடுவார்கள். மயலின் இழந்த நரம்பில் உடல் வெப்பம் சிறிது ஏறினாலும் சமிக்ஞை தடைப்படும். உடலை வருத்தி உழைத்தபின் இந்த நோயாளரின் பார்வை சிறிது நேரம் மங்குவதை ஜேர்மனியரான கண் மருத்துவர் ஊத்தொவ் 1890 இலேயே பதிந்து வைத்தார், இன்றும் இந்த வெப்ப விளைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. காலை எட்டு மணிக்கு உங்கள் அறைக்குள் நான் நேராக நடந்து வருவேன். "நன்றாகத்தானே நடக்கிறீர்கள்" என்பீர்கள். மருந்து வரிசையில் நின்று, பதினொரு மணி வெயிலில் பஸ் ஏறப் போகும்போது என் இடது பாதம் தரையை உரசத் தொடங்கும், வலது கண்ணில் மூட்டம் படரும், வீட்டு வாசலில் பிள்ளைகள் கைபிடித்து ஏற்றுவார்கள். இரண்டும் ஒரே நாள், ஒரே ஆள். இந்த நோயின் பாதிப்பை அளக்க நரம்பியல் நிபுணர்கள் பயன்படுத்தும் 0 முதல் 10 வரையான குர்ட்ஸ்கே அளவையில், நடுப்பகுதிப் புள்ளிகளை நிர்ணயிப்பதே ஓய்வெடுக்காமல் எத்தனை மீற்றர் நடக்க முடிகிறது என்பதுதான்: 500, 300, 200, 100 என்று அது இறங்கும். அறைக் கதவிலிருந்து கதிரை வரை உள்ள தூரம் அந்த அளவையில் எங்குமே இல்லை. ஆகவே எவ்வளவு தூரம் நடக்கிறாய், எந்த நேரத்தில், இடையில் எத்தனை முறை நிற்கிறாய் என்று கேளுங்கள். நான் கல்லடிப் பாலத்தை வைத்து அளக்கிறேன். 2020 இல் நிற்காமல் கடந்தேன். இப்போது நடுவில் ஒரு முறை கைப்பிடியில் சாய்ந்து நின்று, வாவியைப் பார்ப்பது போலப் பாவனை செய்துவிட்டுத் தொடர்கிறேன். படுவான்கரையிலிருந்து வருபவர் தம் வயல் வரம்பை வைத்துச் சொல்வார், வாகரைக்காரர் கடற்கரையை வைத்துச் சொல்வார். கேட்டால் எல்லாரிடமும் ஓர் அளவுகோல் இருக்கும்.

சொற்கள் பற்றியும் ஒன்று கூற வேண்டும். எங்கள் பேச்சில் "விறைப்பு" என்பது உணர்ச்சியற்றுப் போவதையும் குறிக்கும், தசை இறுகி மடிய மறுப்பதையும் குறிக்கும். ஒன்று உணர்வு நரம்பின் அலுவல். மற்றதற்கு பக்லோபென் போன்ற மருந்து உண்டு. அக்கரைப்பற்றைச் சேர்ந்த, என்னைப் போலவே இந்த நோயுள்ள ஒரு சகோதரி, சிங்களம் மட்டும் பேசும் ஒரு வைத்தியரிடம் சிற்றூழியர் ஒருவரின் மொழிபெயர்ப்பில் "கால் விறைக்குது" என்று சொல்லி, எட்டு மாதங்கள் இறுக்கத்திற்கு மருந்து கிடைக்காமல் இரவிரவாகத் தூங்காமல் இருந்தார். இறுகிய கால் என்பது மொழிபெயர்ப்பில் மரத்த காலாகப் போயிருந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது. அதைக் காட்டி யாரோடும் சண்டை பிடிக்க நாங்கள் வரவில்லை. மொழி தெரியாத இடத்தில் எங்கள் காலைத் தொட்டு, மடக்கிப் பார்த்து, "இதுவா, இதுவா" என்று சைகையால் கேட்டாலும் போதுமாக இருந்திருக்கும். இன்னொரு வகை மொழிபெயர்ப்பும் உண்டு: நோயாளி நானாக இருக்க, கேள்வி என் அண்ணனிடம் போகும். அண்ணன் நல்லவர், ஆனால் அவர் சொல்வது என் நோயல்ல, அவருடைய கவலை. துணைக்கு வருபவர் முடிக்கட்டும், அதன்பின் என் பக்கம் திரும்பி "நீங்கள் சொல்லுங்கள் டீச்சர்" என்று ஒரு தரம் கேளுங்கள்.

"கூகிளில் பார்த்துவிட்டு வந்தீர்களா?" என்ற கேள்வியையும் நான் எதிர்கொண்டிருக்கிறேன். பார்த்தேன். பார்த்ததால்தான், கண்ணும் தண்டுவடமும் சேர்ந்து பாதிக்கப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா என்ற வேறொரு நோயும் இருக்கலாம் என்பதும், 2004 இல் அடையாளம் காணப்பட்ட ஒரு பிறபொருளெதிரி அதைப் பிரித்தறிய உதவுகிறது என்பதும், எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் இன்டர்பெரோன் போன்ற சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கக்கூடும் என்பதும் எனக்குத் தெரிய வந்தன. அந்தப் பிறபொருளெதிரியைத் தேடும் அக்குவாபோரின் 4 பரிசோதனை எனக்குச் செய்யப்பட்டதா என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில் கிடைத்தது. செய்திருந்தால் "ஓம், இல்லை என்று வந்தது" என்று நான்கு சொற்களில் முடிந்திருக்கும். பின்னர் கொழும்பில் செய்தார்கள். இல்லை என்றே வந்தது. நான் அவர்களைச் சோதிக்கக் கேட்கவில்லை, இரவில் தூங்குவதற்காகக் கேட்டேன். சமூக ஊடகத்தில் தேனும் கருஞ்சீரகமும் எம்.எஸ். நோயைத் தீர்க்கும் என்று வருவதையும் நான் பார்க்கிறேன், அதை உங்களிடம் கொண்டு வருவதில்லை. எதைக் கொண்டு வருவது, எதை விடுவது என்று பிரித்துத்தான் அந்த இரண்டு கேள்விகளை எழுதுகிறேன்.

மருந்துத் தெரிவிலும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் முதன்முறையாக இந்த நோய்க்கென்று மூன்று மருந்துகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது: கிளட்றிபீன், கிளற்றிராமர் அசிற்றேற், ரிற்றுக்சிமாப். இவற்றில் எது இங்கே கிடைக்கும், எது கிடைக்காது, கிடைக்காததை வெளியில் வாங்கினால் என்ன செலவு என்பதை, எங்கள் உடுப்பைப் பார்த்து முடிவெடுக்காமல், எங்களிடமே சொல்லுங்கள். ரிற்றுக்சிமாப் தொடங்குமுன் ஈரல் அழற்சி பி பரிசோதனை செய்ய வேண்டும், சில தடுப்பூசிகளை முன்கூட்டியே போட வேண்டும் என்பதை நான் அறிந்திருந்தால், ஒன்று விடுபட்டாலும் ஞாபகப்படுத்த இன்னொரு ஆள் இருக்கிறார் என்று ஆகும். இளம் பெண்களிடம், பிள்ளை வேண்டுமா என்று மருந்து எழுதுவதற்கு முன் கேளுங்கள்; கருவுக்கு ஆகாத மருந்துகள் சில இருக்கின்றன. "இந்த நோயோடு பிள்ளை பெறக்கூடாது" என்று மாமியார் சொன்னதை நம்பி வாழும் ஒருத்தியை எனக்குத் தெரியும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாக்கங்கள் குறைவதும், பிரசவத்திற்குப் பிந்திய மூன்று மாதங்களில் அவை கூடுவதும், திட்டமிட்டால் பலர் பிள்ளை பெற்று வளர்ப்பதும் அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டின் வாயிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகத்தில் உள்ளவர்களுக்கு இரண்டு சிறிய வேண்டுகோள்கள். கச்சான் காலத்தில் எங்களுக்குக் காலையில் முதல் இலக்கங்களைத் தாருங்கள். சலுகை என்று யாராவது முணுமுணுத்தால் காரணத்தை வாசலில் எழுதி ஒட்டுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையின் பிரதியையும் படங்களின் இறுவட்டையும் எங்கள் கையில் கொடுங்கள். பழைய ஸ்கானோடு ஒப்பிடாமல் புதிய ஸ்கானில் எது புதுத் தழும்பு என்று சொல்வது கடினம். பழையது எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கிறது என்பதை மாத்திரம் அறிந்து எனக்கு என்ன பயன்?

எனது அடுத்த கிளினிக் வருகிற புதன்கிழமை. தாள் எழுதி முடித்துவிட்டேன். முதல் வரியில், கடந்த பதினாறு நாட்களாக இடது கையின் இரண்டு விரல்களில் மரத்த உணர்வு, காய்ச்சல் இல்லை, எரிவு இல்லை என்று இருக்கிறது. "விறைப்பு" என்று முதலில் எழுதி, வெட்டி, "மரத்த உணர்வு" என்று மாற்றியிருக்கிறேன். கீழே உள்ள இரண்டு கேள்விகளில் ஒன்று, இதற்கு ஸ்கான் தேவையா என்பது. மற்றது, சோக்கட்டி பிடிக்கும் கை எனக்கு இடது கைதான் என்பதால், இது போகுமா என்பது.

இப்படிக்கு,
எம்.எஸ். நோயுடன் வாழும் ஓர் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.